நாலு கெக் வாங்காதீர்கள்: வீட்டுச் சோடாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணாச்சி, நாலு கெக் வந்துட்டு. இனி என்ன வாங்கணும்?" என்று மேலப்பாளையத்துத் தம்பி ஒருவர் போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார். மாடிப்படிக்குக் கீழே நாலு எஃகு உருளைகள், வரிசையாக. கெக் என்பது இந்த உருளைதான்; வீட்டில் சோடா போடுகிறவர்கள் வாயு ஏற்றி அடைத்து வைப்பது இதில்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் என் வீட்டில் இருந்த அதே காட்சி. தென்காசியில் ஒருவர், வள்ளியூரில் ஒருவர், இப்போது இவர். இந்த வருஷம் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பாத்திரத்தைக் கழுவு, கையைக் கழுவு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

## சுவைக்கு ஒரு கெக் என்று கணக்குப் போடுவது

பன்னீர், இஞ்சி, எலுமிச்சை, நன்னாரி. சுவை நாலு, ஆகவே கெக் நாலு. நானும் இப்படித்தான் வாங்கினேன். அந்தப் பணத்துக்கு நல்ல பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கியிருக்கலாம் என்பது இன்றைக்கும் மனசை அரிக்கிறது.

இந்த நாலு என்ற எண் பீர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 1978இல் சட்டம் தளர்ந்தபின் வீட்டில் பீர் காய்ச்சுவது அங்கே பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. (இங்கே உரிமமில்லாமல் காய்ச்சினால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நாம் பேசுவது சோடா மட்டும்.) குளிர்பானக் கம்பெனிகள் கடைகளுக்குச் சிரப் அனுப்பிய 19 லிட்டர் கெக்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டிலில் அடைத்தால் ஒரு தடவைக்கு ஐம்பதுக்கு மேல் கழுவ வேண்டும், கெக்கென்றால் ஒன்றே ஒன்று. பீர் நொதிக்க வாரக்கணக்காகும், பிறகு பதமாக இன்னும் சில வாரம். ஒன்றைக் குடிக்கும்போது அடுத்தது பதமாகிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களுக்கு நாலு கெக் நியாயம்தான்.

சோடாவுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. தண்ணீர் குளிர வேண்டும், வாயு ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குளிர்ந்தே ஆக வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொள்ளும். 30 டிகிரியில் வாங்குவது 0.66 லிட்டர்தான். நம்மூர்ச் சித்திரை வெயிலில் கூடத்தில் நிற்கும் கெக்குக்குள் எவ்வளவு வாயுவைத் திணித்தாலும், குழாயைத் திறந்ததும் நுரையாகத் துப்பிவிட்டுப் போய்விடும்.

என் பிரிட்ஜில் தட்டுகளையெல்லாம் கழற்றினால் இரண்டு கெக் நிற்கும். இதை அளந்து பார்க்காமலே நாலு வாங்கியவன் நான். வீரவநல்லூரில் அக்கா மகள் சடங்குக்கு நாலையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். குளிர்ந்த இரண்டும் பதினோரு மணிக்குள் தீர்ந்தன. மற்ற இரண்டிலும் முதலில் நுரை, அப்புறம் வெதுவெதுப்பான இனிப்புத் தண்ணீர். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மருமவனே, சோடான்னு சொன்ன, சீனித்தண்ணியால்லா இருக்கு?" என்றார். பந்தியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அதோடு போகவில்லை. இஞ்சி ஊற்றிய கெக்கின் ரப்பர் வளையங்களில் இஞ்சி வாசனை ஊறிவிட்டது. வெந்நீர், சோடா உப்பு எதற்கும் அசையவில்லை. அடுத்த மாசம் அதில் போட்ட பன்னீர் சோடா இஞ்சியாகவே மணத்தது. வளையம் முழுவதும் மாற்றின பிறகுதான் போனது. சர்க்கரைப் பிசுக்கு வால்வில் ஒட்டி எறும்பு வந்தது தனிக்கதை.

வழியைக் காட்டியது பாளை மார்க்கெட் பக்கம் இருக்கும் சர்பத் கடை. கடைக்கார அண்ணாச்சி நாலு வகைச் சோடாவா வைத்திருக்கிறார்? நன்னாரி ஒரு பாட்டில், பன்னீர் ஒரு பாட்டில், எலுமிச்சம்பழம் ஒரு கூடை. சோடா எல்லாவற்றுக்கும் ஒரே சோடா. தம்ளரில் சர்பத்தை ஊற்றி, பழத்தைப் பிழிந்து, மேலே சோடாவை உடைத்து ஊற்றுகிறார். வருஷக்கணக்காக அவர் கடையில் நின்று குடித்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஆகவே கெக்கில் வெறும் சோடா மட்டும். தம்ளருக்கு 150 மில்லி என்று வைத்தால் ஒரு கெக்கில் 120 தம்ளருக்கு மேல் வரும். ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு இரண்டு என்று குடித்தாலும் பன்னிரண்டு நாள் ஓடும். வீட்டுக்கு ஒன்று போதும். விசேஷங்களுக்கும் செய்து கொடுப்பீர்கள் என்றால் இரண்டு. மூன்றாவது வாங்கத் தோன்றினால், அது குளிர்ந்து நிற்க இடம் இருக்கிறதா என்று டேப்பை எடுத்து அளந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

## பழைய கெக்கின் வளையங்களை மாற்றாமல் விடுவது

மூடியில் பெரியது ஒன்று, உள்குழாய்களில் இரண்டு, வால்வு முனைகளில் இரண்டு. ஐந்தையும் மாற்றுங்கள். பிறகு சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் ஒரே ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் முழுவதும் காலியாகும். பணம் போவதைவிடப் பெரிய விஷயம், இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தங்கும். சன்னல் இல்லாத அறையில், பிள்ளைகள் பாய் போட்டுப் படுக்கும் இடத்தில் சிலிண்டரை வைக்கவே வைக்காதீர்கள்.

## ரெகுலேட்டர் இல்லாமல் இணைப்பது

சிலிண்டரின் அழுத்தத்தைக் கெக்குக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பது ரெகுலேட்டர். அது இல்லாமல் இணைத்தால் உயிர் போகும். செய்யாதீர்கள்.

## மீட்டரைப் பார்த்து வாயுவைக் கணக்கிடுவது

சிலிண்டருக்குள் வாயு திரவமாகத்தான் இருக்கும். அந்தத் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்த மீட்டரின் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். வெயில் ஏறினால் முள்ளும் ஏறும். 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் என்று ஒன்று இருக்காது, அழுத்தம் இன்னும் கூடும். முள் ஏறியதால் வாயு கூடிவிட்டதென்று அர்த்தமில்லை. தராசில் வையுங்கள், காலி எடையைக் கழியுங்கள். பூட்டிய காரில் வெயிலில் சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

## பீருக்குச் சொன்ன அழுத்தத்தைச் சோடாவுக்கு வைப்பது

4 டிகிரி குளிரில் பீருக்கு 12 பிஎஸ்ஐ (மீட்டரில் அழுத்தத்தைக் காட்டும் அலகு) போதும். சோடாவுக்கு 30 வேண்டும். அந்த அழுத்தத்துக்குக் குட்டைக் குழாய் போட்டால் தம்ளரில் நுரைதான் விழும். 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் ஆறு மீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், சுருட்டிப் பிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள்.

## கிடைத்த பாட்டிலில் அடைப்பது

கெக் வந்ததும் பாட்டிலே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நாலு பேருக்குக் கொடுத்தனுப்ப, பஸ்ஸில் கொண்டுபோகப் பாட்டில்தான். ஆனால் தண்ணீர் பாட்டில் ஆகாது, ஜாம் பாட்டில் ஆகவே ஆகாது, வெடிக்கும். கோலி பாட்டிலும் வீட்டுக்குச் சரிவராது. உள்ளழுத்தமே கோலியை மேலே தள்ளி அடைக்கும்படி அமைந்தது அது, அதை நிரப்பத் தனி மிஷின் வேண்டும். கடையில் வாங்கிய சோடாவின் பிளாஸ்டிக் பாட்டில், அடியில் ஐந்து கால் இருக்குமே, அதுதான் அழுத்தம் தாங்கும். கழுவி, பிரிட்ஜில் வைத்துச் சில்லிட்டபின் மெதுவாக நிரப்புங்கள். பக்கங்களை அமுக்கி மேலே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்குங்கள். ஐந்து நிமிஷத்தில் பாட்டில் விறைத்துக்கொள்ளும். விறைக்கவில்லை என்றால் மூடி கசிகிறது, வேறு மூடி போடுங்கள்.