உங்க உடம்பு அளவுக்கே ரெண்டு கலர் க்ரோஷே சம்மர் டாப்

க்ரோஷேல, அதாவது ஹுக்னு சொல்ற கொக்கி ஊசியால, ஷால், தொப்பி, பைனு எல்லாம் அசால்ட்டா பின்னுறவங்க கூட டாப்னு வந்தா தயங்குறாங்க, கேட்டா ஒரே பதில்தான், எனக்கு அளவு சரியா வருமான்னு தெரியல. ரெடிமேட் பேட்டர்ன்ல மீடியம் சைஸுக்கு இத்தனை ஸ்டிச்னு போட்டிருப்பாங்கல்ல, அது எழுதுனவங்க கைக்கும் அவங்க நூலுக்கும் வந்த கணக்கு. உங்க கை கொஞ்சம் இறுக்கமா பின்னுற கைன்னா அதே ஸ்டிச்சுல டாப் அஞ்சு சென்டிமீட்டர் குறைஞ்சு நிக்கும். அதனால நான் இங்க பேட்டர்ன் தரல, கணக்கு எப்படி போடுறதுன்னு சொல்றேன், என் நம்பரெல்லாம் உதாரணத்துக்கு மட்டும்தான், அங்கங்க உங்க நம்பர போட்டுக்கோங்க.

முதல்ல நூல். வெயிலுக்குன்னா காட்டன், இல்ல காட்டனும் மூங்கிலும் கலந்தது. அக்ரிலிக் வேண்டாம், வேர்வைய உறிஞ்சாது, உடம்போட ஒட்டும். ரெண்டு கலரும் ஒரே பிராண்டுல ஒரே வகையா இருக்கட்டும், ஏன்னா தொவைச்சா ஒன்னு சுருங்கி இன்னொன்னு சுருங்காம போச்சுன்னா கோடெல்லாம் அலை அலையா ஆயிடும். லேபிள்ல டை லாட் நம்பர் இருக்கும், அதாவது எந்தத் தடவை சாயம் போட்ட நூல்னு காட்டுற நம்பர், ஒரே கலர்ல வாங்குற எல்லா கண்டுலயும் அது ஒன்னா இருக்கான்னு பாத்துடுங்க. டிகேன்னு சொல்ற மிதமான கனத்துல 50 கிராம் கண்டுக்கு 105ல இருந்து 125 மீட்டர் வரைக்கும் வரும், இந்த டாப்புக்கு அந்த கனம் பொருத்தமா இருக்கும். ஹுக் 4.5 எம்எம், லேபிள்ல 4 போட்டிருந்தாலும் ஒரு அரை சைஸ் பெருசு எடுத்தா துணி அட்டை மாதிரி விறைச்சு நிக்காம தொய்வா விழும்.

கலர் எடுக்கும்போது ரெண்டு கண்டையும் பக்கத்துல வச்சு போன்ல பிளாக் அண்ட் வொயிட்ல ஒரு போட்டோ எடுங்க. ரெண்டும் ஒரே சாம்பலா தெரிஞ்சா கோடு தூரத்துல இருந்து கலங்கி தெரியும். ஒன்னு அடர் கலர், ஒன்னு வெள்ளைன்னா அடர் நூல்ல ஒரு துண்டு வெட்டி நனைச்சு வெள்ளைத் துணில சுருட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல துணில கறை இருந்துச்சுன்னா அந்த ஜோடி வேண்டவே வேண்டாம், முழு டாப்பையும் முடிச்சுட்டு முதல் தொவையல்ல வெள்ளை கோடெல்லாம் ரோஸ் ஆகி நிக்குறத பாக்குற வலி இருக்கே, நான் பட்டிருக்கேன்.

இப்ப ஸ்வாட்ச், அதாவது அளவு பாக்க முன்கூட்டியே பின்னுற மாதிரித் துண்டு. இத தாண்டிப் போறவங்கதான் நிறைய, ஆனா மொத்த டாப்போட அளவும் இதுலதான் இருக்கு. ஹாஃப் டபுள் க்ரோஷேல, அதாவது ஹுக்ல நூல ஒரு தடவை சுத்திட்டுப் போடுற நடுத்தர உயர ஸ்டிச்சுல, 15க்கு 15 சென்டிமீட்டர் சதுரம் ஒன்னு போடுங்க (நான் சொல்றது எல்லாம் அமெரிக்கப் பேரு, பிரிட்டிஷ் பேட்டர்ன்ல இதையே ஹாஃப் ட்ரெபிள்னு சொல்லுவாங்க). டாப்ப எப்படி தொவைப்பீங்களோ அதே மாதிரி தொவைச்சு, தட்டையா காயப்போட்டு, அப்புறம் நடுவுல 10 சென்டிமீட்டர்ல எத்தனை ஸ்டிச், எத்தனை வரிசைன்னு எண்ணுங்க. ஓரத்த சேக்காதீங்க, ஓரம் எப்பவும் இழுத்துட்டு இருக்கும். எனக்கு 16 ஸ்டிச், 12 வரிசை வந்துச்சு.

அப்படியே சமையலறை தராசுல அந்த சதுரத்த எடை போடுங்க, எவ்வளவு நூல் வாங்கணும்ங்குறதுக்கு இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல. என் சதுரம் 11 கிராம், அதோட பரப்பு 225 சதுர சென்டிமீட்டர். டாப்போட ஒரு பக்கம் 48க்கு 50 சென்டிமீட்டர்னா 2400, அத 225ஆல வகுத்து 11ஆல பெருக்குனா 117 கிராம், ரெண்டு பக்கத்துக்கு 235 கிட்ட. கழுத்து, கை ஓரம், சேக்குற தையல் எல்லாம் சேத்து 270 கிராம், அத கலருக்கு பாதி பாதியா பிரிச்சுக்கலாம்.

அளவு எடுக்கும்போது உள்ள என்ன போடுவீங்களோ அதோட எடுங்க, டேப்ப இறுக்காதீங்க. மார்பு சுத்தளவு 92ன்னு வைங்க. வெயில் காலத்துல காத்து போகணும், அதனால ஒரு 4 சென்டிமீட்டர் கூட்டி 96, ஒரு பக்கம் 48. லூசா பிடிக்கும்னா 8, 10 கூட கூட்டலாம், ஒட்டுனாப்ல வேணும்னா கூட்டாமலே விடுங்க, காட்டன் போடப் போட கொஞ்சம் விரியும். 48 சென்டிமீட்டருக்கு, சென்டிமீட்டருக்கு 1.6 ஸ்டிச்னா 76.8, அதாவது 77 ஸ்டிச். மார்பு கொஞ்சம் பெருசா இருக்குறவங்க முன்பக்கத்த மட்டும் 3, 4 சென்டிமீட்டர் அகலமா வச்சுக்கோங்க, அந்த கூடுதல் ஸ்டிச்ச அக்குள் கிட்ட விட்டுடுவோம். இடுப்பு மார்பவிட அகலம்னா டாப்ப அதுக்காக பெருசாக்க வேண்டாம், கீழ ரெண்டு பக்கமும் 8 சென்டிமீட்டர் தைக்காம ஓபனா விட்டாலே போதும், பாக்கவும் அழகா இருக்கும்.

நான் வட்டமா பின்னாம முன்னும் பின்னும் தனித்தனியா பின்னச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, வட்டத்துல கலர் மாத்துற இடத்துல கோடு படி மாதிரி ஏறி நிக்கும், தனித்தனியா பின்னுனா அந்த இடமெல்லாம் பக்கத் தையலுக்குள்ள மறைஞ்சுடும்.

ஆரம்பிக்குறதுக்கு 79 செயின், அதாவது சங்கிலி மாதிரி கோத்து வர்ற வளையம், அத மட்டும் 5 எம்எம் ஹுக்ல போடுங்க, செயின் இறுகுனா கீழ் ஓரம் சுருக்குப்பை மாதிரி ஆயிடும். ஹுக்ல இருந்து 3ஆவது செயின்ல முதல் ஹாஃப் டபுள், கடைசி வரைக்கும் போனா 77 வரும். ஒவ்வொரு திருப்பத்துலயும் 2 செயின், அத ஸ்டிச்சா எண்ணாதீங்க, முதல் ஸ்டிச்சுலயே அடுத்தது ஆரம்பிங்க. முதல் பத்து வரிசை வரைக்கும் ஒவ்வொன்னையும் எண்ணுங்க, நிறைய பேருக்கு ஓரத்து ஸ்டிச்தான் தவறும், துணி தானா முக்கோணமா போறதுக்கு அதான் காரணம்.

கலர் மாத்துறது ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை. 2ஆவது வரிசையோட கடைசி ஹாஃப் டபுள்ல ஹுக்ல 3 லூப் இருக்கும்போது பழைய நூல விட்டுட்டு புது கலர எடுத்து மூணு வழியாவும் இழுங்க. ஸ்டிச்ச முழுசா முடிச்சுட்டு மாத்துனா அடுத்த வரிசை மேல பழைய கலர் ஒரு புள்ளியா ஏறி நிக்கும். ரெண்டு ரெண்டா மாத்துறதால நூல் எப்பவும் ஒரே ஓரத்துல இருக்கும், வெட்டத் தேவையில்ல, ஓரத்தோட மேல தூக்கிக்கலாம், ஆனா தளர்வா தூக்குங்க, இழுத்தா அந்தப் பக்கம் மட்டும் குட்டையாயிடும். இன்னொன்னு, புது கலரோட முதல் வரிசை எப்பவும் ஒரே பக்கம் பாத்துதான் வரும், அந்தப் பக்கந்தான் டாப்போட வெளிப்பக்கம், பின்னாடி பாத்தீங்கன்னா கோடு கொஞ்சம் உடைஞ்சு தெரியும்.

கீழ இருந்து அக்குள் வரைக்கும் எனக்கு 30 சென்டிமீட்டர், அதாவது 36 வரிசை. இங்க நிறுத்தி கண்ணாடி முன்னாடி உடம்புல பிடிச்சுப் பாருங்க, வரிசைய எண்ணுறத மட்டும் நம்பாதீங்க.

அப்புறம் கை வெட்டு. தோள்கிட்ட 34 சென்டிமீட்டர் அகலம் வேணும்னா 54.4, மிச்சம் ரெண்டு பக்கமும் சமமா பிரியணும்னு 55 ஸ்டிச், மிச்சம் 22, பக்கத்துக்கு 11. ரெண்டு நூலையும் இங்க வெட்டிடுங்க, 12ஆவது ஸ்டிச்சுல புதுசா சேத்து 55 போட்டு கடைசி 11அ விட்டுட்டு திரும்புங்க. இப்படியே 8 வரிசை போனதும் முன்கழுத்து, நடுவுல 35 ஸ்டிச் விட்டுட்டு ரெண்டு பக்கமும் 10, 10 பட்டையா மேல போகுது, 16 வரிசை. ரெண்டாவது பட்டைக்கு கழுத்துப் பக்கம் 46ஆவது ஸ்டிச்சுல நூல சேருங்க, அப்பதான் முதல் பட்ட போன திசையிலயே போகும், வெளிப்பக்கம் மாறாது. பின்பக்கத்துக்கு கழுத்த கொஞ்சம் ஏத்தி, 18 வரிசைக்கு அப்புறம் பிரிச்சு 6 வரிசை பட்டை போட்டா போதும். மொத்தம் ரெண்டுலயும் 60 வரிசை. காட்டன் கனமா இருக்கும், பட்ட தொங்கும்னு தெரிஞ்சே நான் கடைசி 2 வரிசைய போடாம விட்டுடுவேன், ரெண்டு தடவை போட்டதும் அது சரியா வந்து நிக்கும்.

தைக்குறதுக்கு முன்னாடி ஸ்டிச் மார்க்கர் இல்லன்னா சேஃப்டி பின் வச்சு பக்கத்தையும் தோளையும் மாட்டி ஒரு தடவை போட்டுப் பாருங்க. கைய தூக்குங்க, உக்காருங்க, குனியுங்க. அக்குள்ல இடிக்குதுன்னா இப்ப ரெண்டு வரிசை பிரிச்சு சேக்குறது பத்து நிமிஷ வேலை, தைச்சதுக்கு அப்புறம் அழுகைதான் வரும். பக்கத்த மேட்ரஸ் ஸ்டிச்ல, அதாவது ரெண்டு ஓரத்தையும் மாறி மாறி கோத்து தையல் வெளிய தெரியாம சேக்குற முறைல, தைங்க, ரெண்டு பக்கமும் கோடு கோடோட சேருதான்னு பாத்துட்டே போங்க, நூல ரொம்ப இறுக்காதீங்க.

கடைசியா கழுத்துக்கும் கைக்கும் 4 எம்எம் ஹுக்ல ஒரு சுத்து சிங்கிள் க்ரோஷே, அதாவது ஹாஃப் டபுளவிட குட்டையான ஸ்டிச். வரிசையோட ஓரத்துல 3 வரிசைக்கு 4 ஸ்டிச்னு போட்டா தட்டையா உக்காரும், அலையடிச்சா ஸ்டிச் அதிகம், உள்ள இழுத்தா குறைவு, பிரிச்சு மாத்துங்க. ரெண்டு கலர்ல அடர்த்தியானத ஓரத்துக்கு எடுத்தா அழுக்கும் தெரியாது, கழுத்தும் எடுப்பா இருக்கும். நூல் வால்களையெல்லாம் அதே கலர் ஸ்டிச்சுக்குள்ள மூணு திசைல ஓட்டி மறைங்க, காட்டன் வழுக்கும், ஒரு திசைல மட்டும் விட்டா வெளிய வந்துடும். நனைச்சு, பிழியாம துண்டுல சுருட்டி அமுக்கி, அளவுக்கு விரிச்சு தட்டையா காயவைங்க, கொடில தொங்கவிட்டா ஈரத்தோட கனத்துல டாப் நீண்டுடும்.