தையல் ரிட்ரீட்டுக்கு போறீங்களா? துணியை வீட்டுலயே வெட்டிட்டு போங்க

போன மாசம் எங்க தையல் குரூப்போட ஏற்காட்டுல மூணு நாள் இருந்துட்டு வந்தேன். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நாங்க யாரும் தொழில்முறை டெய்லர் இல்ல, ஆசைக்கு தைக்கிறவங்க, வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு ஹோம்ஸ்டேயை ஆளுக்கு பங்கு போட்டு எடுத்து, அவங்கவங்க மெஷினை தூக்கிட்டு போய் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணா உக்காந்து தைப்போம். கிளாஸ் கிடையாது, டீச்சர் கிடையாது.

இந்த தடவ 14 பேர், அதுல 5 பேர் புதுசு. முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அதுல ஒரு பொண்ணு ஹால் தரையில பாயை விரிச்சு புது டசர் சில்க்கை நாலா மடிச்சு போட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட பேசிக்கிட்டே கத்தரியை எடுத்தா. நான் சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்துட்டு "ஏம்மா, கத்தரியை கீழ வை, காலையில வெட்டிக்கலாம்"னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன், பாவம் அவ முகமே வாடிப்போச்சு. அடுத்த நாள் காபி குடிக்கிறப்போ அவளை உக்கார வெச்சு ஏன் அப்படி சொன்னேன்னு விளக்குனேன். அதைத்தான் இங்க எழுதுறேன், கூடவே புதுசா வர்றவங்க திரும்ப திரும்ப பண்றதா நான் பார்க்குற மத்த சிலதையும். நூல் எடுத்துட்டு போங்க, மெஷின் ஒயரை மறக்காதீங்கங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

ராத்திரியில, பேச்சு நடுவுல, நல்ல துணியை வெட்டுறது

2019 ஜனவரி, எனக்கு ரெண்டாவது ரிட்ரீட். அம்மா அவங்களோட பழைய காஞ்சிபுரம் பட்டு ஒண்ணை என்கிட்ட குடுத்திருந்தாங்க. மாம்பழ மஞ்சள், ஒரு பக்கம் அரக்கு கலர்ல அகலமான பெரிய பார்டர், இன்னொரு பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு சின்ன பார்டர். அண்ணனோட ரெண்டு பொண்ணுங்களுக்கும் அந்த ஒரே புடவையில பட்டு பாவாடை தைக்கணும், பாட்டி புடவையை பேத்திங்க ரெண்டு பேரும் பொங்கலுக்கு கட்டணும்னு அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. புடவை உடல் அஞ்சரை மீட்டர், பாதி பாதியா போட்டா ஆளுக்கு ரெண்டே முக்கால் மீட்டர் சுற்றளவு, குழந்தைங்களுக்கு அது தாராளம். அகலம் 47 இன்ச், பெரியவளுக்கு டக்கு (உயரத்தை குறைக்க துணியை மடிச்சு தைக்கிற மடிப்பு) பிடிக்கிறதுக்கும் சேத்து பாவாடை உயரம் 28 இன்ச் வேணும். பெரிய பார்டர் கீழ வர்ற மாதிரி அந்த பக்கத்துல இருந்து 28 அளந்து வெட்டுனா முடிஞ்சது. எட்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைகூட சரியா பண்ணிடும்.

நான் என்ன பண்ணேன்னா, ராத்திரி எட்டு மணிக்கு ஹால் தரையில புடவையை விரிச்சேன். இடம் பத்தல, ஆளுங்க நடந்து போய்ட்டு வந்துட்டு இருந்தாங்க, ஜரிகை மேல யாரு காலும் படக்கூடாதுன்னு பெரிய பார்டரை உள்பக்கமா மடிச்சு வெச்சேன். சரியான பக்கத்துல இருந்துதான் அளந்தேன், வெள்ளை சாக்பீஸ்ல கோடும் போட்டேன். அதுக்குள்ள சாப்பிட கூப்பிட்டாங்க, போய்ட்டேன். திரும்பி வந்து உக்காந்தது எதிர் பக்கத்துல. மஞ்சப் பட்டு மேல வெள்ளைக் கோடு, மேல மஞ்சளா எரியுற ஒரே ஒரு குண்டு பல்பு, கோடு இருக்குற இடமே தெரியல, பட்டுல சாக்பீஸ் சீக்கிரம் உதிர்ந்தும் போயிடும். சரி திரும்ப அளந்துக்கலாம்னு எனக்கு முன்னாடி இருந்த ஓரத்துல இருந்து 28 அளந்து, பக்கத்துல ஒருத்தங்க அவங்க மகன் கல்யாணத்தைப் பத்தி சொன்னதை கேட்டுக்கிட்டே ரெண்டே முக்கால் மீட்டரையும் கடைசி வரைக்கும் வெட்டிட்டேன். எனக்கு முன்னாடி இருந்தது சின்ன பார்டர்.

மடிப்பை பிரிச்சு பார்த்தப்போதான் தெரிஞ்சது. கையில 28 இன்ச் உயரத்துக்கு சின்ன பார்டர் துண்டு ஒண்ணு, பெரிய பார்டரோட வெறும் 19 இன்ச் துண்டு ஒண்ணு. அப்ப எனக்கு வந்த அழுகையை யாருக்கும் காட்டாம பாத்ரூம் போய் அழுதேன்.

சரி பண்ண வழி ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. 19 இன்ச் துண்டுக்கு மேல அந்த இன்னொரு துண்டுல இருந்து வெட்டி ஒட்டு போட்டு, அந்த ஒட்டு தையலை டக்குக்குள்ள மறைச்சேன். வெளிய பார்த்தா தெரியாது. ஆனா பாவாடைக்கு டக்கு எதுக்கு பிடிக்கிறோம்? குழந்தை வளர வளர பிரிச்சு இறக்கி விடுறதுக்கு. இதுல டக்கை பிரிச்சா ஒட்டு வெளிய வந்துடும், அதனால பிரிக்கவே முடியாது. சின்னவ பாவாடையை அவ மூணு வருஷம் கட்டுனா, பெரியவளோடது அடுத்த பொங்கலுக்கே கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு. அம்மா பாவாடையை கையில வாங்குன உடனே விரலால டக்கை தடவிப் பார்த்துட்டு "ஏன் கண்ணு, இங்க ஒட்டு போட்டிருக்கு"னு கேட்டாங்க, அவ்வளவுதான் கேட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லல. இத்தனை வருஷம் ஆச்சு, யாராவது ராத்திரியில தரையில பட்டு விரிக்கிறதைப் பார்த்தா இப்பவும் எனக்கு கோவம் வருது.

தப்பா தைச்சா பிரிக்கலாம். வெட்டுனதை ஒட்ட முடியாது. ரிட்ரீட் நடக்குற வீட்டுல வெட்டுறதுக்கு வேண்டியது எதுவுமே இருக்காது. பெரிய மேஜை இருக்காது, இருந்தாலும் அதுல நாலு மெஷின் இருக்கும். வெளிச்சம் தங்குறதுக்கு போட்ட வெளிச்சம், தைக்கிறதுக்கு போட்டது இல்ல. பேச்சு நிக்கவே நிக்காது, பேசத்தானே போறோம். தைக்கிறப்போ பேசலாம், கை அது பாட்டுக்கு போகும். ஆனா வெட்டுறப்போ பார்டர் எந்த பக்கம், பூ தலைகீழா இருக்கா, வெல்வெட்டா இருந்தா ரோமம் எந்த பக்கம் படியுது, கை ரெண்டும் ஒரே பக்கத்துக்கு வந்துடுச்சா, கிராஸ் கட்டிங்குக்கு (துணியை சாய்வா வெட்டுறதுக்கு) துணி போதுமான்னு அஞ்சாறு விஷயத்தை ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கணும், நடுவுல ஒருத்தர் "காபி வேணுமா"னு கேட்டாலே ஒண்ணு நழுவிடும்.

அதனால நான் இப்ப பண்றது: கிளம்புறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே, வீட்டுல, பகல்ல, ஜன்னல் பக்கத்துல எல்லாத்தையும் வெட்டிடுவேன். பருத்தியா இருந்தா அதுக்கும் முன்னாடி தண்ணியில நனைச்சு காய வெச்சு அயர்ன் பண்ணிடுவேன், லைனிங்கையும் சேத்து, இல்லன்னா மொத தடவ துவைச்சதும் லைனிங் சுருங்கி மேல் துணி உப்பிக்கிட்டு நிக்கும். சுங்குடியை தனியா அலசணும், அது சாயம் விடும். வெட்டுன துண்டுகளை ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு ஜிப் கவர்ல போட்டு, உள்ள ஒரு சீட்டு எழுதி வெச்சிடுவேன், முன்பக்கம் 2, முதுகு 1, கை 2, பட்டி 2ன்னு. உள்பக்கம் எதுன்னு தெரியாத துணியா இருந்தா உள்பக்கத்துல ஒரு சின்ன செல்லோ டேப் ஒட்டிடுவேன். பட்டுக்கு சாக்பீஸே வேணாம், வேற கலர் நூல்ல பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு கோட்டை காட்டுங்க, எந்த பல்புலயும் தெரியும்.

அங்க போய்தான் வெட்டியாகணும்னு ஒரு நிலைமை வந்தா காலையில வெட்டுங்க, மத்தவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி. எங்க குரூப்ல இப்ப ஒரு வழக்கம் இருக்கு, மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய கத்தரி எல்லாம் அலமாரிக்குள்ள போயிடும். நூல் வெட்டுற குட்டி கத்தரி மட்டும்தான் மேஜையில.

அந்த டசர் பொண்ணு அடுத்த நாள் காலை ஆறரைக்கு வெட்டுனா. அவ மடிச்சிருந்த மாதிரியே ராத்திரி வெட்டியிருந்தா கை ரெண்டுல ஒண்ணுக்கு பார்டர் வந்திருக்காது, விரிச்சு பார்த்துட்டு அவளே வந்து காட்டுனா.

மூணு நாளுக்கு அஞ்சு உருப்படி

ஒண்ணு எடுத்துட்டு வாங்க.

ரெண்டு அயர்ன் பாக்ஸ், ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு

சுவத்துல இருக்குற சின்ன பிளக் 6 ஆம்பியர், 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 1380 வாட் வரைக்கும்தான். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒண்ணு போட்டாலே முக்கால்வாசி போச்சு, அதே போர்டுல இன்னொருத்தர் இன்னொரு அயர்னை சொருகுனா ஒயர் சூடாகும், இல்லன்னா எம்சிபி (லோடு அதிகமானா தானா கரண்ட்டை நிறுத்துற சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகும், அந்த நேரத்துல பத்து மெஷின் பாதி தையல்ல நிக்கும். அயர்னுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் எந்த ரூம்ல இருக்குன்னு போன உடனே பார்த்து அங்க ஒரே ஒரு அயர்ன் மேஜை போடுங்க, எல்லாரும் எந்திரிச்சு போய் அயர்ன் பண்ணட்டும், நாள் பூரா உக்காந்தே இருக்குற இடுப்புக்கும் அது நல்லது. இன்வெர்ட்டர் இருக்குன்னு சொன்னா மெஷினுக்கு ஓகே, அயர்னை அதுல போடாதீங்க.

ஊசி

கிளம்புற அவசரத்துல பக்கத்து கடையில "மெஷின் ஊசி குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வர்றாங்க, பிரிச்சு பார்த்தா டிபி இன்டு 1 (DBx1)ங்கிற ரகம், அது பவர் மெஷினுக்கு, தண்டு உருண்டையா இருக்கும். நம்ம வீட்டு மெஷினுக்கு ஹெச்ஏ இன்டு 1 (HAx1), தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும், முன்னாடி பாபின் போடுற மெஷின்னா அந்த தட்டை பின்னாடி போகணும். நம்பரும் பாருங்க: மெல்லிசு துணிக்கு 11, சாதா பருத்திக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடிப்பா இருந்தா 16. மலை மேல ராத்திரி ஊசி உடைஞ்சா வாங்க கடை தேடி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டி வரும்.

குரூப் குவில்ட்டுக்கு அவங்கவங்க அளவு

எல்லாரும் ஆளுக்கு ஒரு கட்டம் தைச்சு கடைசியில சேத்து ஒரு குவில்ட், அதாவது துண்டு துணியில தைக்கிற போர்வை, பண்றது ரொம்ப அழகான விஷயம், ஆனா தையலுக்கு எவ்வளவு விடணும்னு முன்னாடியே பேசிக்கலன்னா கடைசி நாள் மனஸ்தாபம்தான். நாலரை இன்ச் சதுரம் வரிசைக்கு மூணு வெச்சு ஒன்பது சதுரம் தைக்கிறீங்கன்னு வைங்க. கால் இன்ச் விட்டு தைச்சவங்க கட்டம் பன்னெண்டரை இன்ச் வரும். பக்கத்துல ஒருத்தங்க அவங்க பழக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டு தைச்சா அவங்களுது பன்னெண்டுக்கும் கீழ போயிடும், அரை இன்ச்சுக்கு மேல வித்தியாசம். யாரு தப்பும் இல்ல, ரெண்டு பேரும் நேராத்தான் தைச்சிருப்பாங்க. மொத கட்டத்தை ஒருத்தர் தைச்சு எல்லாரும் அதை அளந்து பார்த்துட்டு ஆரம்பிங்க.

இன்ச் டேப்பும் ஒண்ணையே எல்லாரும் பயன்படுத்துங்க. பழைய டேப் நீண்டு போயிருக்கும், ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வெச்சு பாருங்க. வெளிநாட்டு பேட்டர்ன்னா துணி கணக்கு கஜத்துல இருக்கும், அது 36 இன்ச், நம்ம மீட்டர் 39 இன்ச்சுக்கும் கொஞ்சம் மேல.

அடுத்தவங்க கத்தரி

கேக்காம எடுக்காதீங்க. கேட்டு எடுத்தாலும் பேப்பர் வெட்டாதீங்க.

கைத்தையல் எதுவும் எடுத்துட்டு வராதது

மலையில கரண்ட் போகும். இந்த தடவ ஒரு சாயங்காலம் போனது ராத்திரி வரைக்கும் வரல, புதுசா வந்தவங்க எல்லாம் மெஷின் முன்னாடி சும்மா உக்காந்திருந்தாங்க. நாங்க நாலு பேர் மட்டும் கவந்தி எடுத்து வெச்சுக்கிட்டோம். கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல, எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்குற சித்தி மக்கள் தைக்கிற போர்வை அது. ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட வழித்தோன்றல்கள் அவங்க. பழைய துணி துண்டுகளை ஓரத்துல வெச்சு ஓட்டுத்தையல்ல ஆரம்பிச்சு, சுத்தி சுத்தி நடுவுக்கு வந்து முடிப்பாங்க, நாலு மூலையிலயும் பூ மாதிரி ஒரு முக்கோண மடிப்பு வெச்சு தைப்பாங்க, அது இல்லன்னா போர்வை முடிஞ்சதா நினைக்க மாட்டாங்க. ஊசி, தடிமனான நூல், துண்டு துணி, அவ்வளவுதான் வேணும். ஓரத்துல ஆரம்பிக்கிறதால நாலு பேர் நாலு பக்கமா ஒரே போர்வையில உக்காந்துக்கலாம், அன்னைக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல அப்படித்தான் உக்காந்தோம், கொஞ்ச நேரத்துல புதுசா வந்த அஞ்சு பேரும் ஊசி கேட்டு வந்துட்டாங்க. இந்த மாதிரி சாயங்காலம் ஒண்ணு கிடைக்கிறதுக்காகவே நான் வருஷா வருஷம் போறேன்.

கிளம்புறப்போ தரையை பாக்காம போறது

நமக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு குழந்தைங்களோட யாராவது வருவாங்க. ஒரு காந்தத்தை நூல்ல கட்டி பாய், கார்பெட், கட்டிலுக்கு அடியில எல்லாம் இழுத்துட்டு போங்க. இந்த தடவ எங்களுக்கு 23 குண்டூசி, ரெண்டு மெஷின் ஊசி, ஒரு பாதி உடைஞ்ச ஊசி கிடைச்சது. உடைஞ்சதோட மறு பாதியை தேடி எடுத்துட்டுதான் வேன்ல ஏறுனோம்.