பூண்டுக் கடைக்கு ஒரு வெப்சைட்

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் மலைப்பூண்டு விற்கிறேன். வெப்சைட் போடும் முன், ஒரு வாரம் போனில் வந்த கேள்விகளை நோட்டில் குறித்து வையுங்கள். எனக்கு வந்தவை: கிலோ என்ன விலை, கூரியர் உண்டா, எத்தனை மாதம் கெடாது. முதல் பக்கத்தில் இவற்றுக்குப் பதில் இருந்தால் போதும். மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்கு ஒரு வரி. ‘எங்களைப் பற்றி’ கடைசியில் வரட்டும், யாரும் படிப்பதில்லை.

படங்களை 200 கேபிக்குள் சுருக்குங்கள். இங்கே மழை பிடித்தால் சிக்னல் ஒற்றைக் கோடுதான். என் பழைய தளத்தில் 4 எம்பி படம் பாதிப் பூண்டோடு நின்றுவிடும்.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, உங்கள் பெயரிலேயே, உங்கள் மெயிலிலேயே வாங்குங்கள். எனக்குச் செய்துகொடுத்த தம்பி தன் பெயரில் வாங்கிவிட்டு நம்பரை மாற்றிவிட்டார். புதுப்பிக்க வழியில்லாமல் முகவரியே போயிற்று.

அப்புறம் வாட்ஸ்அப் பட்டன்: பெரிதாக, கட்டைவிரல் எட்டும் இடத்தில்.