குழந்தைக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்: ஸ்பேசரில் சரியாகக் கொடுப்பது எப்படி?

என் மகனுக்கு மூன்றரை வயதில் வீசிங் ஆரம்பித்தது. அந்த மழைக்காலம் முழுவதும் வாரம் ஒரு ராத்திரியாவது நெபுலைசர் வைக்கக் கிளினிக்குக்கு ஓடினோம். அப்புறம் குழந்தை நல மருத்துவர் புடசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு பஃப், இரவில் ஒரு பஃப், ஒவ்வொன்றும் 100 மைக்ரோகிராம்.

ஆறு வாரம் ஒரு நாள் தவறாமல் கொடுத்தேன். இருமலும் நிற்கவில்லை, இளைப்பும் குறையவில்லை. மருந்து இவனுக்கு ஒத்துவரவில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன். மறுபடி போனபோது மருத்துவர் மருந்தை மாற்றவில்லை. "வீட்டில் எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே என் முன்னால் கொடுங்கள்" என்றார். கொடுத்துக் காட்டினேன். மருந்து அவன் நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேரவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எத்தனை பஃப், எத்தனை மாதம் என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. இன்ஹேலருக்கும் குழந்தையின் முகத்துக்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரில் கொடுக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு என்ற பயம்

எங்கள் வீட்டில் முதலில் எழுந்த குரல் மாமியாருடையது. "ஸ்டீராய்டாம்மா? சின்னப் பிள்ளைக்கு எதுக்கும்மா?" எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். ஜிம்மில் உடம்பை ஏற்றப் போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஸ்டீராய்டு வேறு வகை. இது நம் உடம்பிலேயே சுரக்கும் கார்ட்டிசால் குடும்பத்தைச் சேர்ந்தது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தையும் சளியையும் குறைக்கிறது.

அளவையும் பாருங்கள். இளைப்பு முற்றும்போது சில நாளைக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சிரப், 15 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம். இன்ஹேலரில் என் மகன் ஒரு நாளைக்கு எடுப்பது 0.2 மில்லிகிராம். இரண்டும் வேறு மருந்துகள் என்பதால் எடையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, மற்றது பெரும்பாலும் மூச்சுக்குழாயிலேயே வேலை செய்கிறது.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு நான்கைந்து ஆண்டுகள் தினமும் 400 மைக்ரோகிராம் புடசொனைடு கொடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகும் உயரத்தை அளந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது: மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. குறைவு. ராத்திரி முழுக்க விலா குழி விழ மூச்சு வாங்கிய பிள்ளையைப் பார்த்தவள் நான். அந்த 1.2 செ.மீ.யைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன்.

படி 1: இரண்டு இன்ஹேலரையும் பிரித்து வையுங்கள்

நீல நிற அஸ்தாலின் போன்றது சால்பியூட்டமால். இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் திறந்துவிடும், சில மணி நேரம் தாங்கும். ஸ்டீராய்டு அப்படி உடனே எதையும் காட்டாது. பலன் தெரிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். இளைப்பு வந்த நேரத்தில் பதற்றத்தில் ஸ்டீராய்டை அடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஸ்டீராய்டு இன்ஹேலர் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் இருக்கும், நீலம் என் கைப்பையில் இருக்கும்.

நீல இன்ஹேலர் கொடுத்தும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி கேட்கிறது, பேச முடியாமல் திணறுகிறான், விலா இடுக்கு உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இதில் எது நடந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: தயார் செய்வது

மூடியைக் கழற்றுங்கள். புது இன்ஹேலர் என்றால் நன்றாகக் குலுக்கி, உள்ளே இருக்கும் தாளில் சொன்ன அளவு காற்றில் அடித்துவிடுங்கள். பிறகு குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் செருகி, முன்பக்கம் மாஸ்க்கை மாட்டுங்கள்.

படி 3: மாஸ்க். நான் கோட்டை விட்டது இங்கேதான்

மாஸ்க்கை அவன் முகத்தருகே பிடித்து அடித்துக்கொண்டிருந்தேன். அழுத்தினால் அழுவானே என்று லேசாக வைப்பேன். தாடைப் பக்கம் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி இருந்தால் குழந்தை வெளிக்காற்றைத்தான் இழுக்கும், மருந்து ஸ்பேசருக்குள்ளேயே தங்கிவிடும்.

மூக்கும் வாயும் சேர்ந்து மாஸ்க்குக்குள் இருக்க வேண்டும். முதலில் மூக்குப் பாலத்தில் வைத்து, பிறகு தாடை வரை இறக்கிப் பொருத்துங்கள். சரியாகப் பொருந்தியதா என்று வால்வு சொல்லிவிடும். குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் ஸ்பேசரின் வால்வு அசையும். அது அசையவில்லை என்றால் எங்கோ கசிகிறது. அடிப்பதற்கு முன்பே இரண்டு மூச்சு வால்வைப் பாருங்கள், அசைந்தால் ஒரே ஒரு பஃப் அழுத்துங்கள். மாஸ்க்கை எடுக்காமல் ஐந்து ஆறு மூச்சு எண்ணுங்கள். இரண்டு பஃப் எழுதியிருந்தால் இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, இரண்டாவதைக் கொடுங்கள். நான் அந்த ஆறு வாரமும் இதையும் தப்பாகவே செய்தேன், இரவுப் பஃபைச் சில நாள் காலையோடு சேர்த்து அடித்தேன்.

அழும் குழந்தைக்கு மருந்து இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள், பெரிதாக மூச்சு இழுக்கிறதே என்று. அழுகையில் பெரும்பகுதி வெளிமூச்சு, உள்ளே இழுப்பது வேகமான குட்டி மூச்சு. மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். தூங்கும்போது கொடுக்கலாம் என்று நானும் முயன்றேன். மாஸ்க் பட்டதும் விழித்து அழுதான், இரட்டை நஷ்டம்.

எங்களுக்குக் கைகொடுத்தது இது: அவனை மடியில், முதுகு என் மார்பில் படும்படி உட்கார வைப்பேன். முதலில் கரடி பொம்மைக்கு ஒரு பஃப் (அழுத்தாமல்). அப்புறம் அவனுக்கு. மூச்சை அவனே விரல் விட்டு எண்ணுவான். மருந்தில்லாமல் வெறும் மாஸ்க்கை மட்டும் நான்கு நாள் விளையாட்டுக்கு வைத்துப் பழக்கினேன். அந்த நான்கு நாள் எங்களுக்கு ஒரு வருடச் சண்டையை மிச்சப்படுத்தியது.

படி 4: வாய் கொப்பளிப்பது

கொடுத்த உடனே வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், மாஸ்க் பட்ட முகத்தையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம். பல் துலக்குவதற்கு முன்னால் பஃப் என்று வைத்துக்கொண்டால் இது தனி வேலையாகவே தெரியாது.

படி 5: ஸ்பேசரைக் கழுவுவது

தினமும் ராத்திரி துண்டால் பளபளவென்று துடைத்து வைப்பேன். அதுவும் தப்பு. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகள்கள் ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு ஊறவையுங்கள். குழாய்ப் பகுதியைத் துடைக்காமல், அலசாமல் அப்படியே கவிழ்த்துக் காயவிடுங்கள். மாஸ்க்கை மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். புது ஸ்பேசரையும் முதலில் இப்படிக் கழுவிவிட்டே பயன்படுத்துங்கள். உங்கள் ஸ்பேசரின் தாளில் வேறு முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

வால்வு வெளியே தெரியும்படியான, மெத்தென்ற சிலிகான் மாஸ்க் உள்ள ஸ்பேசர்தான் என் தேர்வு. தினசரி மருந்துக்காக வீட்டுக்கு நெபுலைசர் மெஷின் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிடம் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பதற்கு, இது ஒரு நிமிடத்தில் முடிகிறது.

படி 6: நல்லாயிருக்கிறான் என்று நிறுத்தாதீர்கள்

கோடையில் ஒரு இருமல்கூட இல்லை. நானாகவே நிறுத்தினேன். ஐப்பசி மழையில் மறுபடி எல்லாம் திரும்பியது. அவன் நன்றாக இருந்ததே மருந்தால்தான். ஏறக்குறைய மூன்று மாதம் சீராக இருந்த பிறகு மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சேர்த்தது: குப்பி தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அது நம்பகமில்லை. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு வெளியே வந்துகொண்டிருக்கும். 120 பஃப் குப்பி, நாளைக்கு 2 என்றால் 60 நாள். ஆரம்பித்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டுங்கள்.

மீண்டும் சேர்த்தது: ஒரு தங்கை தன் அப்பாவின் ரோட்டாகேப்ஸ் (மூச்சில் இழுக்க வேண்டிய பொடி மருந்து உள்ள கேப்ஸ்யூல்) பற்றி எழுதியிருந்தார். மாத்திரை போல இருப்பதால் அப்பா தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார், மூன்று வாரம். அந்தக் கேப்ஸ்யூலை ரோட்டாஹேலர் என்ற கருவியில் வைத்துத் திறந்து, பொடியை வாயால் வேகமாக ஆழமாக இழுக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமாவுக்குப் பயனில்லை. மருந்துக்கடையில் வாங்கும்போதே எப்படி எடுப்பது என்று பெரியவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.