போலிஷ் முன்மாதிரிக் கார்களைப் பற்றி மொழிபெயர்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

1983-இல் போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா நகரில் பெஸ்கித் 106 என்ற சின்னஞ்சிறு கார் உருவானது. ஏழு முன்மாதிரிகள் செய்யப்பட்டன, அதோடு நின்றுபோனது. இப்படிப்பட்ட காரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் முதல் குறிப்பே கடைசிக் குறிப்பாகவும் அமைந்துவிடக்கூடும். அதில் பிழை நுழைந்தால் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. நாலு பேர் அப்படியே எடுத்தாளுவார்கள். அதனால்தான் இதில் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

என்ஜின், கியர் பெட்டி பற்றிய சொற்களை அகராதி பார்த்துச் சமாளித்துவிடலாம். மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்ப்பது சாதாரண வினைச்சொல். ‘பெஸ்கித் மியாவ் ஸாஸ்தோம்பிச் மாலுஹா’ என்றொரு போலிஷ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மாலுஹ் என்பது போல்ஸ்கி ஃபியட் 126பி காருக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர். ‘மியாவ்’ தனியாக வந்தால் ‘அவனிடம் இருந்தது’ என்று பொருள். இன்னொரு வினையோடு சேர்ந்தால் ‘செய்வதாக இருந்தது’ என்று பொருள். ஆக, மாலுஹின் இடத்துக்குப் பெஸ்கித் வரவிருந்தது. அவசரத்தில் ‘வந்தது’ என்று எழுதிவிட்டால் நடக்காதது நடந்ததாகிவிடும். மாலுஹ் 2000 வரை தயாரிப்பில் இருந்தது. பெஸ்கித் தொடர் உற்பத்திக்குப் போகவே இல்லை. முன்மாதிரிக் கார்களைப் பற்றிய எழுத்தில் இந்த வினை திரும்பத் திரும்ப வரும்: உற்பத்தி தொடங்கவிருந்தது, ஏற்றுமதி நடக்கவிருந்தது, வேறு என்ஜின் பொருத்தப்படவிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அந்த ‘இருந்தது’ தமிழிலும் நிற்க வேண்டும்.

‘பொடோப்னோ’ என்ற சொல்லும் அப்படித்தான். நம் ‘ஆம்’ விகுதி செய்யும் வேலையை அது செய்கிறது. 1992-இல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு நிறுவனமான ரெனோவின் ட்விங்கோ கார் அறிமுகமானபோது, என்ஜினும் பயணிகள் இடமும் ஒரே பெட்டி போல அமைந்த அதன் ஒற்றைப் பெட்டி வடிவம் பெஸ்கிதை நினைவூட்டியது. பெஸ்கிதைப் பார்த்துத்தான் ட்விங்கோவைச் செய்தார்களாம் என்ற பேச்சு போலந்தில் உண்டு. மூலத்தில் ‘பொடோப்னோ’ இருந்தும் தமிழில் அந்த ‘ஆம்’ விடுபட்டால், ஊர்ப்பேச்சு ஒரு நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடும். ஒரு சிறு விகுதியை விட்டுவிடுவதால் வரும் விபரீதம் இது.

எழுவாய் இல்லாத வாக்கியங்களையும் கவனியுங்கள். ‘ஸ்புடோவானோ’ என்றால் கட்டினார்கள். யார் என்று அந்த வினை சொல்லாது. ‘கட்டப்பட்டது’ என்று எழுதினால் போதும். எழுவாயைத் தேடிப்போய் ஃபியட் கட்டியது, அரசு கட்டியது என்று நிரப்பக் கூடாது. பெஸ்கிதை உருவாக்கியது பியெல்ஸ்கோ-பியாவாவில் இருந்த சிறு கார்களுக்கான ஆராய்ச்சி மையம், ஃபியட் அல்ல.

பெயர்களில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. போலிஷில் மனிதர்களின் பெயரும் வேற்றுமை உருபு ஏற்கும். பெஸ்கித் குழுவுக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் வியெஸ்வாவ் வியாத்ராக். ‘அவருடைய தலைமையில்’ என்று வரும்போது அதே பெயர் ‘வியெஸ்வாவா வியாத்ராகா’ ஆகிவிடும். வியெஸ்வாவா என்பது பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. கவனிக்காதவர் கையில் ஆண் பொறியாளர் பெண்ணாகிவிடுவார். போதாக்குறைக்கு, வியாத்ராக் என்ற சொல்லுக்குக் காற்றாலை, மின்விசிறி என்ற பொருள்களும் உண்டு. கார்க் கட்டுரையில் அது விசிறியாகத் திரிந்தால் அந்த மனிதரே காணாமல் போய்விடுவார். உழைப்பைக் கொட்டியவரின் பெயரையாவது நாம் சரியாக எழுத வேண்டாமா? எந்தப் பெயரையும் எழுவாய் வடிவத்துக்குக் கொண்டுவந்து சரிபார்த்த பிறகே தமிழில் எழுதுங்கள்.

தெரிந்த காரை வைத்துத் தெரியாத காரைத் திருத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். வார்சாவில் தயாரான சாதாரண ஸிரெனா காருக்கு இரு வீச்சு என்ஜின். 1960-இல் ஒரே ஒரு வண்டியாகச் செய்யப்பட்ட ஸிரெனா ஸ்போர்ட்டுக்கோ நான்கு வீச்சு என்ஜின்; உடலும் கண்ணாடி இழையால் ஆனது. மூலத்தில் ‘நான்கு வீச்சு’ என்று இருப்பதைப் பிழையென்று எண்ணி ‘இரு வீச்சு’ என மாற்றினால், அந்தக் காரின் சிறப்பையே அழித்ததாகும்.

எண்களுக்கு வருவோம். கே, எம் என்ற இரண்டும் பெரிய எழுத்தில் வந்தால் அது கிலோமீட்டர் அல்ல, குதிரைத்திறன். அது மெட்ரிக் குதிரைத்திறன். ஒன்றுக்குச் சுமார் 735.5 வாட். இதையே போலிஷில் 735,5 என்று அச்சிடுவார்கள். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான். அதை ஆயிரம் பிரிக்கும் குறியாக எண்ணி 7355 என்று படித்தால் அளவு பத்து மடங்காகிவிடும்.

அளவுகளில் அடிக்கடி இடம் மாறுபவை ‘ரோஸ்தாஃப் ஒஷி’, ‘ரோஸ்தாஃப் கூவ்’ என்ற இரண்டும். முதலாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம். இரண்டாவது இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையிலான அகலம். எண்ணைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்: கார்களில் முதலாவதுதான் வழக்கமாகப் பெரியது. மாலுஹில் அது 1,840 மில்லிமீட்டர்.