ஒரு புரதம் என்ன செய்கிறது? ஜீன் ஒன்டொலொஜியில் பார்க்கும் முறை

யாழ் கம்பஸில் உயிரியல் படிப்பவர்கள் கையில் ஒரு புரதத்தின் பெயரைக் கொடுத்து இது என்ன செய்யும் என்று கேட்டால் முதலில் கூகிளில்தான் தேடுவார்கள். அதை விட்டுவிட்டு, புரதங்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிப்ரொட் (UniProt) தளத்துக்குப் போங்கள். இலவசம், கணக்கும் திறக்கத் தேவையில்லை.

உதாரணத்துக்கு ஜி6பிடி (G6PD). மலேரியாவுக்குப் பிரிமாகுயின் கொடுக்க முன் நோயாளியில் இந்த நொதியம் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதேதான். பெயரை அடித்து மனிதருடைய பதிவைத் திறந்து ஜீஓ (GO) பகுதிக்கு, அதாவது ஜீன் ஒன்டொலொஜி பகுதிக்கு இறங்குங்கள். ஜீன்களும் புரதங்களும் செய்யும் வேலைகளை எல்லோரும் ஒரே சொற்களால் குறிக்க வைத்திருக்கும் சொற்பட்டியல் அது. மூன்று பிரிவு இருக்கும்: மூலக்கூறு என்ன வேலை செய்கிறது, அந்த வேலை எந்தச் செயன்முறைக்குப் போகிறது, கலத்தில் எங்கே நடக்கிறது. ஜி6பிடி குளுக்கோசு-6-பொசுபேற்றை ஒட்சியேற்றுகிறது, அது பென்டோசு பொசுபேற்று வழியின் முதல் படி, இடம் குழியவுருவின் திரவப் பகுதி. இனி மூன்றையும் கோர்த்துப் பாருங்கள்: ஒட்சியேற்றத்திலிருந்து கலத்தைக் காக்க உதவும் என்ஏடிபிஎச் (NADPH) அந்த வழியில்தான் கிடைக்கிறது, செங்குருதிக் கலத்தில் இழைமணி இல்லாததால் அதற்கு வேறு நல்ல வழியும் இல்லை, ஆகவே நொதியம் குறைந்தவரின் கலம் பிரிமாகுயின் தரும் ஒட்சியேற்ற அழுத்தத்தைத் தாங்காமல் உடைகிறது.

சரி, இனித்தான் பலர் கவனிக்காமல் விடும் இடம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சான்றுக் குறி நிற்கும். ஐடிஏ (IDA) என்றால் ஆய்வுகூடத்தில் நேரடியாகச் சோதித்தது, ஐஎம்பி (IMP) என்றால் ஜீனில் மாற்றம் வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்து முடிவு செய்தது, ஐபிஏ (IBA) பரிணாம உறவை வைத்து ஊகித்தது. ஐஇஏ (IEA) வந்தால் கணினி தானாகப் போட்டது, அந்த ஒவ்வொரு வரியையும் மனிதர் யாரும் சரிபார்க்கவில்லை. பிழை என்று அர்த்தமில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். ஜீன் ஒன்டொலொஜித் திட்டம் 1998இல் பழ ஈ, சுண்டெலி, மதுவம் ஆகியவற்றின் தரவுத்தளங்கள் சேர்ந்து தொடங்கியது; அதிகம் ஆராயப்பட்ட உயிர்களுக்குத்தான் நல்ல சான்று குவிந்திருக்கிறது. எங்கள் பனையின் புரதத்தைத் தேடினால் ஐஇஏதான் கண்ணில் படும்.

"புரதத்துடன் பிணைதல்" என்று மட்டும் இருந்தால் அதில் ஒன்றுமில்லை, தாண்டிப் போங்கள். இதே ஜீஓ பதிவுகளைத் தேடிப் பார்க்க உதவும் குயிக்கோ (QuickGO) தளத்தில் "நொட்" (NOT) என்ற அடைமொழி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் பொருள் நேரெதிர்: அந்த வேலையை இது செய்வதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு சொல் பட்டியலில் இல்லாதது வேறு விஷயம், அதை இன்னும் யாரும் பதியாமலும் இருக்கலாம்.

அசைன்மென்டில் பார்த்த திகதியையும் எழுதிவிடுங்கள். ஒன்டொலொஜி அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால் இன்று இருக்கும் சொல் அடுத்த வருடம் நீக்கப்பட்டிருக்கலாம்.