பச்சிளங்குழந்தைக்கான டி.பி.என். பை: மருந்தகத்தில் பிழை நேராமல் தயாரிக்கும் முறை

வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ போதுமான பால் கொடுக்க முடியாத குறைமாதக் குழந்தைக்கு, சிரை வழியாக ஏற்றப்படும் டி.பி.என். (முழுமையான சிரைவழி ஊட்டம்) பைதான் அன்றைய உணவு. அமினோ அமிலம், டெக்ஸ்ட்ரோஸ், கொழுப்பு, சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், மக்னீசியம், நுண்தாதுக்கள், வைட்டமின்கள் என்று இத்தனையும் ஒரே குழந்தைக்காக அன்றன்று அளந்து கலக்கப்படுவதால், மருத்துவமனை மருந்தகத்தில் பிழை நுழைய இவ்வளவு வாசல்கள் உள்ள தயாரிப்பு வேறு அதிகம் இல்லை. தானியங்கிக் கலவை இயந்திரம் இல்லாமல், லாமினார் ஃப்ளோ மேடையில் (வடிகட்டிய தூய காற்று சீராக வீசும் மேடை) சிரிஞ்சைக் கொண்டு கையால் கலக்கும் மருந்தாளுநர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இங்கே வரும் அளவுகள் கணக்கை விளக்கும் எடுத்துக்காட்டுகள் மட்டுமே. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையுமே தீர்மானிக்க வேண்டும்.

ஆர்டரைப் படித்தல்

முதலில் எடையைப் பாருங்கள். பிறந்த சில நாட்களில் குழந்தையின் எடை குறைவது இயல்பு என்பதால், பிறந்த எடையை மீண்டும் எட்டும்வரை பிறந்த எடையைக் கொண்டே கணக்கிடுவது பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வழக்கம். ஆர்டரில் உள்ளது எந்த எடை என்பது தெளிவாக இல்லாவிட்டால், ஊகிக்காமல் பிரிவுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அலகு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், ஒரு குறைமாதக் குழந்தையின் பையில் 330 மைக்ரோகிராம் என இருக்க வேண்டிய துத்தநாகம் 330 மில்லிகிராமாகக் கணினியில் ஏறியது. ஆயிரம் மடங்கு துத்தநாகம் சேர்ந்த அந்தப் பையால் குழந்தை இறந்தது. ஓர் அலகில் எழுதப்பட்ட ஆர்டரை வேறோர் அலகுக்கு மாற்றிப் பதிய வேண்டியிருந்த இடத்தில்தான் பிழை நுழைந்தது; மென்பொருளில் துத்தநாகத்துக்கு உச்சவரம்பு வைக்கப்படாததால் எந்த எச்சரிக்கையும் எழவில்லை. ஒரு சிறு குழந்தையின் பைக்கு வழக்கத்தை மீறி எத்தனையோ குப்பிகள் காலியாகின்றன என்பதே கலப்பவரின் கையை நிறுத்தியிருக்க வேண்டிய அறிகுறி. ஆகவே ஆர்டர் படிவமும், கணக்குத் தாளும், பையின் லேபிளும் ஒரே அலகில், ஒரே வரிசையில் இருக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு எந்தப் பொருளிலாவது ஒரு ஆம்பூலுக்கு மேல் உடைக்க நேர்ந்தால், வேலையை நிறுத்திவிட்டுக் கணக்கை மீண்டும் போட வேண்டும் என்பதைப் பிரிவின் விதியாகவே வைக்கலாம்.

கால்சியத்தில் இன்னொரு பொறி உண்டு. 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட்டின் ஒரு மில்லி லிட்டரில் உப்பு 100 மில்லிகிராம். அதிலுள்ள தனிமக் கால்சியம் 9.3 மில்லிகிராம்தான். 1.2 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் தனிமக் கால்சியம் என ஆர்டர் வந்தால், மொத்தத் தேவை 48 மில்லிகிராம். எடுக்க வேண்டியது ஏறத்தாழ 5.2 மில்லி லிட்டர். அதையே 48 மில்லிகிராம் குளுக்கோனேட் என்று படித்துவிட்டால் அரை மில்லி லிட்டர்கூடப் போகாது. பிழை எதிர்த்திசையில் நேர்ந்தால் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். படிவத்தில் ‘கால்சியம்’ என்று மட்டும் அச்சிட்டு வைத்திருப்பவர்கள், அது தனிமமா உப்பா என்பதையும் சேர்த்து அச்சிடுவது நல்லது.

பொட்டாசியமும் இரண்டு வழிகளில் உள்ளே வருகிறது. மில்லி லிட்டருக்கு 3 மில்லிமோல் பாஸ்பேட் உள்ள பொட்டாசியம் பாஸ்பேட் ஊசியில் 4.4 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியமும் இருக்கிறது. அதே குழந்தைக்குப் பாஸ்பேட் 1.2 மில்லிமோல், பொட்டாசியம் 2.4 மில்லி ஈக்விவலன்ட் என்றால், 0.4 மில்லி லிட்டர் பொட்டாசியம் பாஸ்பேட்டிலேயே 1.76 மில்லி ஈக்விவலன்ட் வந்துவிடுகிறது. எஞ்சிய 0.64 மட்டுமே 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடிலிருந்து, அதாவது மில்லி லிட்டருக்கு 2 மில்லி ஈக்விவலன்ட் என்ற கணக்கில் 0.32 மில்லி லிட்டராக எடுக்கப்பட வேண்டும். இவ்வளவு சிறிய அளவை 5 மில்லி லிட்டர் சிரிஞ்சில் அளக்க முயலாதீர்கள்; 1 மில்லி லிட்டர் சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் ஊசிக்கான தூயநீர் ஆம்பூலும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது.

டெக்ஸ்ட்ரோஸ் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதோடு நில்லாமல், நிமிடத்துக்கு எவ்வளவு போகிறது என்றும் கணக்கிடுங்கள். 120 மில்லி லிட்டரில் 12.5 சதவீதம் என்றால் 15 கிராம். 24 மணி நேரத்தில், 1.2 கிலோவுக்கு, அது கிலோவுக்கு நிமிடத்துக்கு 8.7 மில்லிகிராம். கைச் சிரை வழியாகப் போகும் பையானால், ஆஸ்மொலாரிட்டி (கரைசலில் கரைந்துள்ள துகள்களின் செறிவு) லிட்டருக்கு 900 மில்லி ஆஸ்மோலைத் தாண்டாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தாண்டினால் சென்ட்ரல் லைன், அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைவரை செல்லும் குழாய், தேவை.

இந்தக் கணக்கு முழுவதையும் இரண்டாவது மருந்தாளுநர், முதலாமவரின் தாளைப் பார்க்காமல், ஆர்டரிலிருந்தே தொடங்கிப் போட்டு முடித்த பிறகு இரு விடைகளையும் ஒப்பிட வேண்டும். போட்டு வைத்த கணக்கின் மேல் ‘டிக்’ அடிப்பதைச் சரிபார்ப்பு என்று சொல்ல முடியாது.

கலக்கும் மேடை

கை கழுவுதல், கவுன், கையுறை, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ரப்பர் மூடிகளைத் துடைத்து உலரவிடுதல், மேடையின் விளிம்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே வேலை செய்தல் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அறிந்திருந்தும் அவசர நாட்களில் முதலில் விட்டுப்போகிறவையும் இவையே. 2011இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மருத்துவமனைகளுக்கு டி.பி.என். தயாரித்துக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் பைகளில் செராஷியா மார்செசன்ஸ் பாக்டீரியா கலந்து, 19 நோயாளிகள் இரத்தத் தொற்றுக்கு ஆளாகி, அவர்களில் 9 பேர் இறந்தனர். கிருமிநீக்கம் செய்யப்படாத அமினோ அமிலப் பொடியிலிருந்து அங்கேயே கரைசல் தயாரிக்கப்பட்டிருந்தது. கிருமிநீக்கம் செய்து அடைக்கப்பட்ட மூலப்பொருளைத் தவிர வேறெதுவும் மேடைக்கு வரக்கூடாது.

கால்சியமும் பாஸ்பேட்டும்

இந்த ஒரு பகுதியில் அவசரப்படக் கூடாது. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கைக்குக் காரணம், டி.பி.என். பையில் கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவு (கரையாமல் படியும் திடப்பொருள்) உருவாகி நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்ததில் இரண்டு பேர் இறந்ததுதான். அந்தக் கலவையில் கொழுப்பும் இருந்ததால், வீழ்படிவு கண்ணுக்குத் தெரியாமல் வெண்மைக்குள் மறைந்துபோயிற்று.

அந்த எச்சரிக்கையில் கூறப்பட்ட ஒன்றை இன்றும் பலர் கவனிப்பதில்லை: கால்சியம் கரையுமா என்பதைப் பையின் இறுதிக் கொள்ளளவை வைத்துப் பார்க்காமல், கால்சியம் உள்ளே போகும் நொடியில் பையில் எவ்வளவு திரவம் இருக்கிறதோ அதை வைத்தே பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கால்சியமும் (48 மில்லிகிராம்) பாஸ்பேட்டும் தலா 1.2 மில்லிமோல், 120 மில்லி லிட்டரில் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 10 மில்லிமோல். ஆனால் 18 மில்லி லிட்டர் கொழுப்பும் 12 மில்லி லிட்டர் தூயநீரும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தால், கால்சியம் சேரும்போது பையில் இருப்பது 90 மில்லி லிட்டர்தான், செறிவு 13.3ஆகிவிடுகிறது. பிறகு நீர் ஊற்றினாலும், ஒருமுறை உருவான படிகம் கரைந்துவிடும் என்று நம்ப முடியாது.

ஆகவே அமினோ அமிலம், டெக்ஸ்ட்ரோஸ், தூயநீர் மூன்றையும் முழுமையாக முதலில் ஊற்றுங்கள். அடுத்துப் பாஸ்பேட்டைச் சேர்த்துப் பையை நன்றாகக் குலுக்குங்கள். சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், நுண்தாதுக்கள் முடிந்த பின், பாஸ்பேட் எடுத்த சிரிஞ்சை எக்காரணம் கொண்டும் மீண்டும் பயன்படுத்தாமல், புதிய சிரிஞ்சில் கால்சியத்தை எடுத்து, பையை அசைத்துக்கொண்டே மெதுவாகச் செலுத்துங்கள். கால்சியம் குளோரைடு எளிதாக அயனியாகப் பிரிந்து பாஸ்பேட்டோடு சேர்வதால் குளுக்கோனேட்டே ஏற்றது. கால்சியத்தோடு எளிதில் படியாத கரிமப் பாஸ்பேட்டான சோடியம் கிளிசரோபாஸ்பேட் கிடைக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் பெருமளவு தணியும்.

எந்தச் செறிவுவரை கரையும் என்பது அமினோ அமிலத்தின் பிராண்டையும் அளவையும், கரைசலின் பி.எச். மதிப்பையும் பொறுத்தது. ஒரு நிறுவனத்தின் கரைதிறன் வரைபடத்தை வேறொன்றின் கரைசலுக்குப் பயன்படுத்தாதீர்கள். வெப்பமும் இங்கே எதிர்மாறாக வேலை செய்கிறது: காபியில் சர்க்கரை போலச் சூட்டில் நன்றாகக் கரையும் என்று எண்ணிவிடக் கூடாது, சூடு ஏற ஏறக் கால்சியம் பாஸ்பேட் படியும் வாய்ப்பே அதிகம். மருந்தகத்தின் குளிர்பெட்டியில் தெளிவாக இருந்த பை, இன்குபேட்டருக்குப் பக்கத்தில் சில மணி நேரம் தொங்கிய பிறகு குழாயில் படியத் தொடங்கலாம்.

கால்சியம் சேர்த்தபின், கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் நல்ல வெளிச்சத்தில் பையைத் தூக்கிப் பாருங்கள். மூடுபனி போன்ற மங்கலோ துகளோ தென்பட்டால் பை முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டும். கொழுப்பைப் பையில் சேர்க்காமல் தனிச் சிரிஞ்சில் ஏற்றுவதே பச்சிளங்குழந்தைகளுக்கு உகந்தது என்பது என் கருத்து. கலவை கடைசிவரை கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். அப்படிச் செய்தால், பையின் கொள்ளளவில் கொழுப்பைக் கழித்து எல்லாச் செறிவுகளையும் மீண்டும் கணக்கிட வேண்டும்.

வைட்டமின் இருப்புத் தீர்ந்துவிட்டால் பையை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) இல்லாமல் டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் ஏறினால் கடுமையான லாக்டிக் அமிலத்தேக்கம் ஏற்படலாம். மருத்துவரிடம் சொல்லித் தயமினைத் தனியாகவாவது கொடுக்க வழி செய்யுங்கள்.

லேபிளும் படுக்கையருகும்

லேபிளில் ஒவ்வொரு பொருளும் ஒரு நாளுக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என இரண்டும் இருக்கட்டும். சென்ட்ரல் லைன் மட்டுமா, கைச் சிரைக்கும் ஏற்றதா என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பையையும் குழாயையும் ஒளிபுகாத உறையால் மூட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதை ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் அறிவுறுத்தியது. பையைத் திறந்து மருந்து சேர்க்கும் வேலை வார்டில் நடக்கக் கூடாது. செஃப்ட்ரையாக்ஸோன் என்னும் ஆன்டிபயாடிக் கால்சியத்தோடு சேர்ந்து படிந்து பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது என்பதைச் செவிலியர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கொழுப்புள்ள கலவைக்கு 1.2 மைக்ரான் வடிகட்டி வேண்டும். கொழுப்பு இல்லாத கலவைக்கு 0.22 மைக்ரான் வடிகட்டியையும் பயன்படுத்தலாம். வடிகட்டி அடைத்துப் பம்பு ஒலி எழுப்பினால், அதைக் கழற்றிவிட்டு நேரடியாக ஓடவிடும் பழக்கம் சில வார்டுகளில் உண்டு. அடைப்பு என்றால் அங்கே ஏதோ படிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஓட்டத்தை உடனே நிறுத்தி, டெக்ஸ்ட்ரோஸ் திடீரென நின்று சர்க்கரை தாழ்ந்துவிடாதபடி மருத்துவரின் ஆணையோடு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைப் புதிய குழாயில் தொடங்கி, பை, குழாய், வடிகட்டி மூன்றையும் குப்பையில் போடாமல் மருந்தகத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.